ஓப்பன்டிடிடி: படம் முதல் பாட்டு வரை தொண்டர்கள் செய்த ஆட்டம்

பழைய கணினி ஆட்டங்களைத் திறமூல மென்பொருளாக, அதாவது எவரும் நிரலைப் படித்து மாற்றத்தக்க மென்பொருளாக, திரும்ப எழுதும் முயற்சிகள் பல நடந்திருக்கின்றன. அவற்றுள் தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோனவை அதிகம். ஆடத் தக்க நிலைக்கு வந்தவை குறைவு. மூல ஆட்டத்தின் துணையே இன்றி முழுமையாக நிற்கக்கூடியவை மிகமிகக் குறைவு. போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஆட்டமான ஓப்பன்டிடிடி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்பதாலும், இலவசமாகக் கிடைப்பதாலும், ரயில் என்றால் ஆசைப்படும் எவரும் எளிதில் தொடங்கிவிடலாம் என்பதாலும் அதை விரிவாக மதிப்பிட வேண்டும் என்று தோன்றியது.

இதன் மூல ஆட்டம் டிரான்ஸ்போர்ட் டைக்கூன். பிரிட்டிஷ் நிரலாளர் கிறிஸ் சாயர் எழுதிய இந்த ஆட்டத்தை மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1994-இல் வெளியிட்டது. பனி மலை, வெப்ப மண்டலம், பொம்மை உலகம் ஆகிய நிலப்பரப்புகளைச் சேர்த்த டீலக்ஸ் பதிப்பு 1995-இல் வந்தது. சாயர் நிரலின் பெரும்பகுதியை இயந்திர நிரலுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியிலேயே எழுதினார். படங்களை சைமன் ஃபாஸ்டர் வரைந்தார், இசையை ஜான் புரூம்ஹால் அமைத்தார். ஆடுபவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் முதலாளி. கடன் வாங்கித் தண்டவாளம் போடுகிறார், பேருந்து விடுகிறார், கப்பலும் விமானமும் வாங்குகிறார். நிலக்கரியையும் மரத்தையும் பயணிகளையும் தபாலையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பணம் ஈட்டுகிறார். அவ்வளவுதான் ஆட்டம், ஆனால் அந்த எளிமை வெளித்தோற்றம் மட்டுமே.

2004 மார்ச்சில் ஓப்பன்டிடிடியின் முதல் வெளியீட்டைக் கொடுத்தவர் சுவீடனைச் சேர்ந்த லுத்விக் ஸ்ட்ரிகேயுஸ். ஸ்கம்விஎம் என்ற இன்னொரு புகழ்பெற்ற திறமூல முயற்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அவர். பின்னாளில் மியூடோரண்ட் என்ற கோப்பிறக்க மென்பொருளை எழுதியவரும், ஸ்பாட்டிஃபையின் தொடக்ககால நிரலாளர்களுள் ஒருவரும் அவரே. டீலக்ஸ் ஆட்டத்தின் இயந்திர நிரலைப் பிரித்துப் படித்து, அது செய்வதையெல்லாம் சி மொழியில் திரும்ப எழுதியதுதான் அவர் செய்த வேலை. மூலத்தைப் பாராமல் நடத்தையை மட்டும் கவனித்து எழுதுவது ஒரு வழி, மூலத்தையே அவிழ்த்து எழுதுவது வேறு வழி. இரண்டாவது வழியின் சட்டப்பூர்வத் தன்மை பற்றி வாதிட இடமுண்டு என்பதை ஆதரவாளர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த வழியால்தான் இந்த ஆட்டத்தில் நிலையத்தின் தர மதிப்பீடும், கட்டணக் கணக்கும், மேடேறும்போது எஞ்சின் திணறுவதும் மூலத்தின் சாயலிலேயே அமைந்தன. ஸ்ட்ரிகேயுஸ் விலகிய பின்னரும் வேலை நிற்கவில்லை. வேறு நிரலாளர்கள் பொறுப்பேற்றார்கள், அவர்களுக்குப் பின் இன்னும் சிலர் வந்தார்கள். ஒரு தனி மனிதரின் ஆர்வத்தை நம்பிப் பிறந்த மென்பொருள் அவர் போன பிறகும் இரண்டு பத்தாண்டுகள் ஓடுவது திறமூல உலகிலும் அரிது.

இருந்தாலும் என் கணக்கில் இந்தத் திட்டத்தின் பெரிய சாதனை நிரல் அன்று. தொடக்க ஆண்டுகளில் ஓப்பன்டிடிடியை ஆட வேண்டுமானால் டீலக்ஸ் குறுவட்டிலிருந்து படக் கோப்புகளையும் ஒலிக் கோப்புகளையும் எடுத்து வைத்தாக வேண்டும். நிரல் சுதந்திரமானது, கண்ணில் படுவதும் காதில் விழுவதும் வேறொருவருடைய சொத்து. ரோலர்கோஸ்டர் டைக்கூன் 2 ஆட்டத்தைத் திரும்ப எழுதிய ஓப்பன்ஆர்சிடி2, மாரோவிண்ட் ஆட்டத்துக்கான ஓப்பன்எம்டபிள்யூ ஆகியவை போற்றத்தக்கவை என்றாலும் மூல ஆட்டத்தை விலைக்கு வாங்கியவர்களுக்கே பயன்படும். ஓப்பன்டிடிடியின் ஆதரவாளர்கள் இந்தத் தடையைத் தாண்ட முடிவு செய்தார்கள். ஒவ்வொரு எஞ்சினையும் எட்டுத் திசைகளில், ஒவ்வொரு கட்டடத்தையும் அதன் கட்டுமான நிலைகளோடு, பாலம், மரம், கடலோரம், பொத்தான் என எதையும் விடாமல் புள்ளி புள்ளியாகப் புதிதாக வரைந்தார்கள். அந்தப் படத்தொகுதி ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ், ஒலிக்கு ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ், இசைக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ். மூல ஆட்டத்தின் ஒரு கோப்புகூட இல்லாமல் ஆடத்தக்க 1.0.0 பதிப்பு 2010 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அதன் பின் பல ஆண்டுகளுக்கு முக்கிய வெளியீடுகள் ஏப்ரல் 1 அன்றே வந்தன. முட்டாள்கள் தினத்தில் வந்தாலும் ஒன்றும் கேலியாக இல்லை.

ஒலித்தொகுதியின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. அது முதலில் பெற்றிருந்த உரிமம் வணிக விளம்பரப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்ததால், டெபியன் லினக்ஸ் குழு அதைத் தன் சுதந்திர மென்பொருள் பகுதிக்குள் சேர்க்காமல் வெளியே வைத்தது. ரயில் ஊதல் சத்தத்துக்குக் கூடவா உரிமத் தகராறு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கறார்தான் பின்னாளில் உரிமத்தை மாற்றிச் சரிசெய்ய வைத்தது. நிரல் எழுதத் தெரியாத ஆதரவாளர்கள் இத்தகைய திட்டங்களுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இங்கே விடை கிடைக்கும்: மரம் வரைந்தவர்கள், கதவு மூடும் ஓசையைப் பதிந்தவர்கள், உரிம வாசகத்தைப் படித்துச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் இந்த ஆட்டத்தை முழுமையாக்கினார்கள்.

தரம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். படங்கள் நன்று, பழைய படங்களைவிடத் துலக்கமாகவே இருக்கின்றன, சில கட்டடங்களில் மட்டும் பல கைகள் வரைந்தது தெரிகிறது. ஒலி போதுமானது. இசைதான் குறை. தன்னார்வலர்கள் கொடுத்த பாடல்களின் தொகுப்பாகையால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒட்டுறவு இல்லை. புரூம்ஹால் அமைத்த ஜாஸ் மெட்டுகளுக்கு மணிக்கணக்கில் பின்னணியில் ஓடியும் சலிக்காத தன்மை உண்டு, அந்த இடத்தை இவை பிடிக்கவில்லை. நான் இசையை நிறுத்திவிட்டே ஆடுகிறேன்.

நிறுவுவதில் சிக்கல் எதுவுமில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் அதிகாரபூர்வப் பதிப்புகள் உள்ளன. 2021 ஏப்ரலில் ஸ்டீம் என்ற ஆட்ட விற்பனைத் தளத்துக்கும் வந்தது. முதன்முறை திறக்கும்போது படத்தொகுதி இல்லை என்றால் தானே கேட்டு இறக்கிக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்தும் இன்றைய பெரிய ஆட்டங்களின் ஒரு திருத்தக் கோப்பு அளவுக்குக்கூட வராது. பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடும் பெரிய வரைபடத்தில்தான் செயலி மூச்சு வாங்கத் தொடங்கும்.

மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் உடையாமல் ஒழுங்காகவே தெரிகின்றன; 13-ஆம் பதிப்பிலிருந்து இடைமுகத்தின் அளவை விருப்பம்போல் பெரிதாக்கிக்கொள்ள முடிவதால் கண்ணுக்கும் இதம். ஆனால் தமிழாக்கம் முழுமையானதல்ல. மொழிபெயர்க்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே வந்து நிற்கின்றன. ஒரு வரி தமிழ், அடுத்த வரி ஆங்கிலம் என்று மாறி மாறி வருவது புதியவர்களைக் குழப்பும். நாணயமாக இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் லட்சம், கோடி என்று பிரித்துக் காட்டாமல் மும்மூன்று இலக்கமாகவே காட்டும். ஊர்ப்பெயர்களுக்கான உள்ளமைப் பட்டியலில் ஃபின்னிஷ், ருமேனியன், கட்டலான் எல்லாம் உண்டு, இந்தியப் பெயர்கள் இல்லை. ஊரின் பெயரை நாமே மாற்றலாம் என்பதால் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் வரைபடம் முழுவதையும் திருநெல்வேலிச் சீமையாக்கிவிட முடியும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். வழக்கமான தொடக்கம் 1950-ஆம் ஆண்டு. கையில் இருப்பது கடன் பணமான ஒரு லட்சம் பவுண்டு. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றையும் தொலைவில் மின்நிலையம் ஒன்றையும் தேடிப் பிடித்து இரண்டையும் தண்டவாளத்தால் இணைப்பதே பழகிய கைகளின் முதல் வேலை. கிர்பி பால் டேங்க் என்ற சிறிய நீராவி எஞ்சின் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகமும் 300 குதிரைத்திறனும் கொண்டது. ஒவ்வொன்றும் 20 டன் ஏற்றும் பெட்டிகளை அதன் பின்னால் ஆசைக்கு ஏற்றபடி கோத்துவிட்டால் சமதரையில் ஒழுங்காகப் போகும், மேட்டைக் கண்டதும் நடைவேகத்துக்கு வந்துவிடும். எனவே மலையைச் சுற்றிப் போவதா, வெட்டிச் சமப்படுத்துவதா, குகைப் பாதை தோண்டுவதா என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்திலேயே எழுகிறது. சுற்றினால் நேரம் போகும்; சரக்குக் கட்டணமோ இரு நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் எடுத்துக்கொண்ட நாள்களையும் பொறுத்தது. வெட்டினால் கடன் பணம் கரையும். சரியான விடை என்று ஒன்று இல்லாத இந்தச் சின்னக் கணக்குகள்தான் ஆட்டத்தின் உயிர்.

இரண்டாவது ரயிலை அதே பாதையில் விட்டவுடன் சிக்னல் தேவைப்படுகிறது. மூல ஆட்டத்தில் ஒரு சிக்னலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு ரயிலுக்குத்தான் சொந்தம். சந்திப்பு ஒன்றில் ஒரு மூலையை ஒரு வண்டி கடந்தாலும் மறுமூலையில் போக வேண்டிய வண்டி காத்திருக்கத்தான் வேண்டும். 2009-இல் வந்த 0.7 பதிப்பு பாதை சிக்னலைக் கொண்டுவந்தது. இதில் ரயில் தான் போகவேண்டிய தடத்தை மட்டும் முன்பதிவு செய்துகொள்கிறது. ஒன்றையொன்று வெட்டாத தடங்களில் இரண்டு ரயில்கள் ஒரே சந்திப்பை ஒரே நேரத்தில் கடக்க முடிகிறது. நான்கு நடைமேடை கொண்ட நிலையம் ஒன்றைக் கட்டி, வாயிலில் பாதை சிக்னலை வைத்து, உள்ளே வரும் வண்டியும் வெளியேறும் வண்டியும் உரசாமல் விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தனி இன்பம். திரும்ப எழுதுபவர் மூலத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆட்டத்தின் நோக்கத்தை மாற்றாமல், அதன் வழியில் கிடந்த முள்ளை மட்டும் அகற்றியிருக்கிறார்கள்.

நிலையத்தின் தர மதிப்பீடும் கவனிக்கத் தக்கது. கடைசியாக வண்டி வந்து எத்தனை நாள் ஆயிற்று, வண்டியின் வேகமும் வயதும் என்ன, எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்பதையெல்லாம் வைத்துச் சுரங்கம் நம்மிடம் எத்தனை விழுக்காடு சரக்கை ஒப்படைப்பது என்று முடிவு செய்கிறது. ஊராட்சிகளும் சும்மா இருப்பதில்லை. பாதைக்காக மரத்தை வெட்டினால் நகராட்சிக்குக் கோபம் வரும், அடுத்த நிலையத்துக்கு அனுமதி மறுக்கும். சுற்றிலும் மரம் நட்டால் மனம் இறங்கும். அதற்கும் மசியாவிட்டால் லஞ்சம் கொடுக்கும் பொத்தானே இருக்கிறது. மாட்டிக்கொண்டால் அந்த ஊரில் நம் நிலையங்களின் மதிப்பீடு பூஜ்யத்துக்குப் போய்விடும். நேர்மையாளர்கள் அமைப்புப் பகுதிக்குப் போய் அந்தப் பொத்தானையே அகற்றிவிடலாம், அந்த வசதி நமக்கு வெளியுலகில் கிடையாது.

மூல ஆட்டத்தின் பயணிகள் எங்கே இறக்கிவிட்டாலும் மகிழ்ச்சியாக இறங்கிப் போகிறவர்கள். மதுரைக்கு ஏறியவரைத் தூத்துக்குடியில் இறக்கினாலும் கட்டணம் வரும் என்பது போன்ற நிலை. 2014-இல் 1.4 பதிப்போடு வந்த சரக்குப் பகிர்வு முறை இதை மாற்றியது. அதை இயக்கினால் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு போகுமிடம் உண்டு. வண்டி மாறி ஏறுவார்கள், நேரடி இணைப்பு இல்லாத ஊருக்குச் சந்திப்பு வழியே போவார்கள், எதிர்த்திசையிலும் ஏறத்தாழ அதே அளவு கூட்டம் திரும்பி வரும். இதை இயக்கியபின் ஆட்டத்தின் கடினம் பலமடங்கு கூடுகிறது, பேருந்து நிலையங்கள் சட்டென்று நெரிசலில் திணறுகின்றன. இயல்பாக இது அணைத்து வைக்கப்பட்டிருப்பது சரியான முடிவு. ஆனால் ஓரளவு பழகியவர்கள் கண்டிப்பாக இயக்கிப் பார்க்க வேண்டும். அதே 2014-இல் வரைபடத்தின் உச்ச அளவும் பக்கத்துக்கு 4096 கட்டங்களாக உயர்ந்தது. மூலத்தில் 256 மட்டுமே. அவ்வளவு பெரிய நிலத்தை நிரப்ப வாழ்நாள் போதாது என்பது வேறு விஷயம். 512-க்கு மேல் போக வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பணம். ஒரு நல்ல நிலக்கரித் தடம் அமைந்து சில ஆண்டுகள் கடந்துவிட்டால் கல்லா நிரம்பி வழிகிறது, அதன் பின் தொழிலதிபர் என்ற பாத்திரத்துக்கு அர்த்தமில்லை. மிஞ்சுவது பாதை அமைக்கும் பொறியாளர் வேலை மட்டும். மூல ஆட்டத்தின் குறைதான் இது, ஆனால் இத்தனை ஆண்டுகளில் அதைச் சரிசெய்திருக்கலாம். இரண்டாவது, எதிராளிகள். மூல ஆட்டத்தின் கணினி எதிராளிகள் தண்டவாளத்தைக் கோணல்மாணலாகப் போட்டுச் சிரிப்பு மூட்டுவார்கள். அவர்களை நீக்கியது நல்லதே. பதிலாக ஆதரவாளர்கள் எழுதிய எதிராளிகளை ஆட்டத்துக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளும் முறை வைத்தார்கள். ஆனால் புதிதாக நிறுவியவரிடம் எதிராளி எவரும் இல்லை என்பதையும், பட்டியலில் எவர் நல்லவர் என்பதையும் யாரும் சொல்வதில்லை. அதே பட்டியலில் கிடைக்கும் கூடுதல் ரயில் தொகுதிகளுக்கும் இது பொருந்தும்: அருமையானவையும் அரைகுறையானவையும் ஒரே வரிசையில் கிடக்கின்றன, ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவே தொகுதிகளை மாற்றினால் சேமித்த ஆட்டமே கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கையைப் பலர் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, அமைப்புப் பக்கம். நூற்றுக்கணக்கான விருப்பங்கள் அடுக்கடுக்காக விரிகின்றன. தேடும் பெட்டி உண்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் உண்டு. எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்கு அவை உதவும். 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பு வழிகாட்டிகளை உள்ளேயே படிக்கும் வசதியைச் சேர்த்தது; நாட்காட்டியின் ஓட்டத்தைத் தனியாகப் பிரித்து, ஆண்டுகளை மெதுவாக நகர்த்தவும் நிறுத்திவைக்கவும் வழி செய்தது. நீராவி எஞ்சின்களை விரும்புபவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் இயல்பான வேகத்தில் ஓராண்டு ஏறத்தாழ 12 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் ஒரு நல்ல சந்திப்பைக் கட்டி முடிப்பதற்குள் எஞ்சின் வழக்கொழிந்துவிடும்.

பலர் சேர்ந்து ஆடுவது இதன் இன்னொரு முகம். முன்பெல்லாம் ஒருவர் வீட்டுக் கணினியில் ஆட்டத்தை நடத்த வேண்டுமானால் ரவுட்டரின் வாயில்களைத் திறந்துவிட வேண்டும். ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களால் அதுவும் முடியாது. 2021 இறுதியில் வந்த 12-ஆம் பதிப்பு அழைப்புக் குறியீட்டைக் கொண்டுவந்தது. குறியீட்டை நண்பருக்கு அனுப்பினால் போதும், இணைப்பு தானாக அமைகிறது. போட்டியாக ஆடுவதைவிட ஒரே நிறுவனத்தை இருவராக நடத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் பாதை போட, மற்றவர் வண்டிகளையும் அட்டவணைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆதரவாளர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கால அட்டவணைப்படி வண்டிகளை அனுப்புதல், நிபந்தனை வைத்த சிக்னல்கள் போன்ற நுணுக்கமான வசதிகள் ஜேஜிஆர் பேட்ச்பேக் என்ற கிளைப் பதிப்பில் வெகுகாலமாகவே இருக்கின்றன. முதன்மைப் பதிப்பின் பொறுப்பாளர்கள் ஏன் அவற்றை அப்படியே ஏற்கவில்லை என்று குறைப்படுபவர்கள் பலர். என் சார்பு பொறுப்பாளர்கள் பக்கம். சேர்க்கும் ஒவ்வொரு வசதியையும் பல ஆண்டுகள் பராமரிக்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்காதவர்கள்; பழைய பதிப்புகளில் சேமித்த ஆட்டங்களும் திறந்தாக வேண்டும். கேட்பதையெல்லாம் சேர்த்திருந்தால் இந்தத் திட்டம் எப்போதோ தன் பாரத்திலேயே அமிழ்ந்திருக்கும். அதிகம் வேண்டுபவர்கள் கிளைப் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதைத் தடுக்காத ஜிபிஎல் உரிமம் இருப்பதன் பயனே அதுதானே.

சாயர் தரப்பிலிருந்து 2013-இல் கைபேசிக்கான டிரான்ஸ்போர்ட் டைக்கூன் வெளிவந்தது. விரலால் ஆடுபவர்களுக்கு அது ஏற்றது. ஓப்பன்டிடிடிக்கும் அதிகாரபூர்வமற்ற ஆண்ட்ராய்டு வடிவம் உண்டு, ஆனால் சுட்டிக்காகப் பிறந்த சின்னஞ்சிறு பொத்தான்களைக் கண்ணாடித் திரையில் குத்திக்கொண்டிருப்பது பொறுமையைச் சோதிக்கும், பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர் 256 கட்ட வரைபடம், மிதவெப்ப நிலப்பரப்பு, 1950 தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டிகள் நடுவழியில் பழுதாவதை அணைத்துவிடுவது நல்லது. அது சவாலைக் கூட்டுவதில்லை, எரிச்சலைத்தான் கூட்டுகிறது. பணவீக்கமும் வேண்டாம். இரண்டு சுரங்கங்களின் நிலக்கரியை ஒரே மின்நிலையத்துக்குக் கொண்டுவரும் சந்திப்பை நெரிசலின்றி ஓடவைத்துவிட்டால் அடிப்படை கைவந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பின் சரக்குப் பகிர்வை இயக்குங்கள், எதிராளி ஒருவரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலேயே நின்றுபோன தொடர்கள் கண்ணை உறுத்தினால், மொழிபெயர்ப்பு இணையவழியிலேயே நடக்கிறது. நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழுக்கு ஆள் தேவைப்படுகிறது.